கட்டுச்சோறும் அதன் கடைசிப் பொதியும்

ஆவணி பிறந்த வாரத்தில், செவித்துணைத் திட்டத்தை இப்போது பராமரிக்கும் இளைஞர்களிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பொதி மேலாண்மை முறையை மறுபடியும் மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்களாம். சென்ற முறை மாற்றியபோது என்ன நடந்தது என்று எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். பழைய மடல்களைப் படித்தால் முடிவு தெரிகிறது, அந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்பது தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். உண்மைதான். எங்கள் கருத்து வேறுபாடு மடல்களில் நடக்கவில்லை. தென்காசியில் ஒரு மாடி அலுவலகத்திலும், பண்பொழியில் ஒரு வீட்டிலும், ஐந்தருவி போகிற பாதையில் வாடகைக்கு எடுத்த இன்னொரு வீட்டிலும் நடந்தது.

நான் ஓய்வு பெற்ற பிறகு இது இரண்டாவது குற்றாலச் சாரல் காலம். நினைவை மட்டும் நம்பி எழுதினால் எல்லாச் சாரலும் ஒரே சாரலாகிவிடும் என்பது என் அனுபவம். ஆகவே ஒவ்வொன்றையும் ஊரறிந்த ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போட்டுத்தான் சொல்லப் போகிறேன்.

தெரியாதவர்களுக்காக: செவித்துணை என்பது கணினித் திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துச் சொல்லும் மென்பொருள். பார்வை இல்லாதவர்களுக்கானது. கட்டற்ற மென்பொருள், அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். தென்காசியில் ஒரு சிறிய அறக்கட்டளை அதை நடத்தியது. சம்பளத்துக்கு நாங்கள் இரண்டு மூன்று பேர். மற்றவர்கள் வெளியூர்களில் இருந்துகொண்டு, சொந்த வேலை போக மிச்ச நேரத்தில் உழைத்த தன்னார்வலர்கள்.

என் படிப்பு பாலிடெக்னிக்கோடு முடிந்தது. கொஞ்ச காலம் ஒரு கணினி மையத்தில் தட்டச்சு சொல்லிக்கொடுத்தேன். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த பிறகு, குறுந்தகடுகள் புழக்கத்தில் இருந்த காலத்தில், இந்த வேலையில் சேர்ந்தேன். அந்த முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. என் மேலதிகாரியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

மைதீன் சாருக்கு ஊர் குத்துக்கல்வலசை. தறிக்காரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் வளைகுடாவில். அவரும் சில வருடங்கள் துபாயில் கணினிப் பிரிவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். "துபாய்க்குப் போனவன் எல்லாம் வந்து வீடு கட்டுனான், நான் வந்து சாப்ட்வேர் கட்டுனேன், எம்பொண்டாட்டிட்ட கேட்டா அந்த வருத்தத்தச் சொல்லுவா" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார்.

அவர் கட்டியதன் பெயர் கட்டுச்சோறு. அது என்ன என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

ஒரு மென்பொருள் தனியாக வந்து இறங்குவதில்லை. எழுத்தை ஒலியாக்க ஒரு நிரல், அந்த ஒலியை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோக ஒரு நிரல், இரண்டுக்கும் நடுவில் இன்னும் பல என்று ஒன்றை ஒன்று நம்பியே இருக்கும். ஒன்று புதிதாகவும் மற்றொன்று பழையதாகவும் இருந்தால் பேச்சு நின்றுவிடும். எது எதோடு, எந்த வரிசையில் இறங்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வதுதான் பொதி மேலாண்மை. மைதீன் சார் தானே எழுதிய முறையில், தேவையான அத்தனையும் ஒரே கட்டாக இருக்கும். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் புளியோதரையும் துவையலும் கட்டிக்கொண்டு வருவதுபோல. பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதும், இணையம் வேண்டாம். அடுத்த கட்டு வரும்வரை அந்தக் கணினியில் எதுவும் மாறாது.

உலகத்தில் பெரிய திட்டங்கள் எல்லாம் வேறு முறைக்குப் போய்விட்டன. கணினி தானாகவே இணையத்தில் போய், புதியது எது என்று பார்த்து, இறக்கிக்கொள்ளும். சார் அதை ஓட்டல் என்பார். "எப்பம் போனாலும் சூடாக் கிடைக்கும். ஆனா ஓட்டல் தெறந்திருக்கணும், போறதுக்கு ரோடு இருக்கணும், நேத்து இருந்த மாஸ்டரே இன்னைக்கும் இருக்கணும்."

ஒரு கட்டு வெளியே போவதற்கு முன்னால் அவர் செய்கிற காரியங்களை நான் பல வருடங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒவ்வொரு நிரலிலும் போன தடவையிலிருந்து மாறிய வரிகளை முதலில் படிப்பார். பிறகு குத்துக்கல்வலசை வீட்டில், இணையத்தோடு இணைக்கவே படாத ஒரு கணினியில் கட்டு தயாராகும். அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு அலுவலகம் வருவார். தோளில் கிடக்கும் கட்டம் போட்ட துண்டை எடுத்து மானிட்டரின் மேல் போட்டு, நான்கு பக்கமும் இழுத்துவிட்டு, அதற்கு முன்னால் உட்கார்வார். காதால் மட்டும் கேட்டு, விசைப்பலகையால் மட்டும், ஆரம்பத்திலிருந்து நிறுவிப் பார்ப்பார். துண்டை யாரும் தூக்கிப் பார்க்கக் கூடாது.

"இந்த எடத்துல சத்தமே இல்ல, கேட்டியா?" என்பார்.

"ஃபைல் காப்பி ஆகுது சார். செத்த நேரம் அப்படித்தான் இருக்கும்."

"துண்டுக்குப் பின்னால என்ன நடக்குன்னு உனக்குத் தெரியும். அவுங்க மெஷின் செத்துப்போச்சுன்னுல்லா நெனப்பாவ. பட்டன அமுத்துவாவ. அதோட எல்லாம் போச்சு. திருப்பி எடு."

எல்லாம் சரியாக இருந்தால் கடைசியாக மின்னொப்பம் இடுவார். அந்த ஒப்பம் இல்லாத கட்டைக் கட்டுச்சோறு ஏற்காது. ஒப்பத்துக்கான சாவி அவர் ஒருவரிடம்தான் இருந்தது.

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. வேலையில் தப்பு கண்டால் "போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்பார். திரும்பி வந்து மறுபடியும் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். பயனர் என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. "யூசருன்னு ஒருத்தரக் காட்டு பாப்போம். பண்பொழி ராஜேஸ்வரி டீச்சர் உண்டு, புளியரை சேகர் உண்டு" என்பார்.

இன்னொரு வழக்கத்தையும் அவர்தான் ஏற்படுத்தினார். ஒவ்வொரு சாரலிலும் தன்னார்வலர்கள் எல்லாரும் குற்றாலத்தில் கூடுவோம். முக்கியமான முடிவுகள் அங்கேதான். ஒரு வருடம், குரல் பேசும் வேகத்தைப் பற்றிய விவாதத்தில் இரண்டு பேர் கைகலப்புக்கே போய்விட்டார்கள். அதற்கப்புறம் சார் ஒரு விதி வைத்தார். ஓட்டுக்கு முன்னால், எதிர்த்தரப்பு சொல்வதை நீ சொல்ல வேண்டும். எதிர்த்தரப்புக்காரர் அதைக் கேட்டு "ஆமா, இதத்தான் சொன்னேன்" என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் அன்று ஓட்டு இல்லை. மாற்றுப் பேச்சு என்று அதற்குப் பெயர் வந்தது.

தென்காசி தனி மாவட்டமான மறு வருடம், ஊரடங்கு தளர்ந்த சமயம், கட்டுச்சோற்றில் இருந்த ஒரு சிறிய நிரலில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது தெரிந்தது. எங்கள் பிழையல்ல. உலகம் முழுவதும் பலர் பயன்படுத்துகிற நிரல் அது. வெளியாட்கள் கணினிக்குள் நுழைந்துவிடலாம் என்ற அளவுக்குப் பெரிய ஓட்டை. மற்ற திட்டங்கள் எல்லாம் உடனே சரிசெய்துவிட்டன. எங்களால் முடியவில்லை. மைதீன் சார் சிக்குன்குனியாவில் படுத்திருந்தார். விரல் மூட்டுகள் வீங்கி, விசையை அழுத்த முடியாது. கட்டு தயாராகும் கணினி அவர் வீட்டில், சாவியைத் திறக்கும் கடவுச்சொல் அவர் தலையில். சார் எழுந்து உட்காரும்வரை எல்லாரும் காத்திருந்தோம். கட்டுச்சோறு வைத்திருந்தவர்களில், இணைய இணைப்பு உள்ள சிலருடைய கணினிகள் கெட்டுப்போயின.

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே எங்களுக்காக எழுதிய பிரவீன் என்ற தன்னார்வலர், அடுத்த காணொலிக் கூட்டத்தில் கேட்டார்: "சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு சமையல்காரருக்குக் காய்ச்சல் வந்தா ஊரே பட்டினி கெடக்கணுமா?"

மைதீன் சார் வீங்கிய விரல்களோடு சிரித்தார். "பய நல்லாக் கேட்டான்."

உலகம் பயன்படுத்தும் முறைக்கே நாமும் மாறிவிடலாம் என்று பிரவீன் முன்மொழிந்தார். நான் அவர் பக்கம் நின்றேன். அதை மடலில் எழுதுவதற்கு முன்னால் சாரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ரத வீதியில் நாங்கள் வழக்கமாக நிற்கும் டீக்கடையில் சொன்னேன். கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்தக் கோயிலைக் கட்டிய பாண்டியன், பிற்காலத்தில் இதைப் பழுதுபார்க்கப் போகிறவர்களை இப்போதே வணங்குவதாகக் கல்லில் வெட்டி வைத்திருப்பது ஊரில் பலருக்கும் தெரிந்த செய்தி. அப்படியும் கோபுரம் பிளந்து மொட்டையாகப் பல பத்தாண்டுகள் நின்றது. எங்கள் தலைமுறைதான் அது மறுபடி எழும்பியதைப் பார்த்தது.

"ராசா கும்பிட்டு வச்சிட்டுப் போயிட்டாரு" என்றார் சார். "கும்பிட்டா போதுமா? ஆள் வேணும்லா."

"அதத்தான் சார் நானும் சொல்லுதேன். ஆள் வேணும். கட்டுச்சோறு கட்ட உங்களத் தவிர ஆள் இல்ல. புதுசா வார பிள்ளைய யாரும் அதப் படிக்க மாட்டேங்குது. ஓட்டல்னா எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும். மலையடி மேக்கரையில சிக்னல் இருக்கா?"

"இல்ல."

"அங்கன இருக்கவருக்கு ஓட்டல் ஏது?"

அவரே இரண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டு, "முதல்ல ஒரு வீட்டுல போட்டுப் பாரு. ராஜேஸ்வரிட்ட கேளு" என்றார்.

ராஜேஸ்வரி பண்பொழிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். கல்லூரிக் காலத்தில் பார்வையை இழந்தவர். வாய்த்துடுக்குக்காரி. புதிய முறையை அவர் வீட்டுக் கணினியில் நிறுவினோம். பல மாதங்கள் ஒரு குறையும் இல்லை. திருப்புதல் தேர்வு மதிப்பெண்களை ஏற்ற வேண்டிய கடைசி நாளன்று காலையில் எனக்குப் போன் வந்தது.

"கோமதி, ஒங்க ஓட்டல்காரன் என்னத்தையோ மாத்திட்டான். மெஷின் ஓடுத சத்தம் கேக்குது. பேச மாட்டேங்குது."

நானும் சாரும் செங்கோட்டை வழியாகப் பஸ் பிடித்துப் போனோம். போன பிறகுதான் ஒன்று உறைத்தது. அவர் வீட்டில் மானிட்டரே கிடையாது. தனியாக இருக்கும் பெண்ணுக்குப் பார்க்காத திரை எதற்கு என்று நாங்கள்தான் முன்பொரு நாள் கழற்றிவிட்டிருந்தோம். இப்போது குரலும் இல்லை, திரையும் இல்லை. மேஜையில் விசிறி ஓடும் பெட்டி ஒன்று இருக்கிறது, அதற்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பக்கத்து வீட்டில் போய்க் கேட்டோம். அந்த அம்மாள் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தத் தொலைக்காட்சியில் மாட்டினோம். "கொழம்பு கொதிக்கதுக்குள்ள திருப்பித் தந்துருவியளா?" என்று அவர் கேட்டார். சார், "கொதிக்கட்டும்மா, எறக்கதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றார்.

திரையில் நல்ல ஆங்கிலத்தில் ஒரு செய்தி நின்றிருந்தது. ஒலி நிரல் தானாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, பழைய அமைப்பை வைத்துக்கொள்ளவா மாற்றவா, ஆம் அல்லது இல்லை என்று தட்டவும். குரல் நின்ற கணினி, குரல் இல்லாமல் கேட்ட கேள்வி. யாரும் பதில் சொல்லாததால் அப்படியே நின்றுவிட்டது.

சார் அதைப் படித்தார். சொல்லிக்காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பழைய ஒலி நிரலை மறுபடி இறக்கி, அது தானாக மாறாதபடி பூட்டி, கணினியைத் திரும்ப எடுத்து வந்து வைத்தார். "வணக்கம்" என்றது.

"வந்துட்டா" என்றார் ராஜேஸ்வரி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மதிப்பெண்களை ஏற்ற ஆரம்பித்துவிட்டார். அதற்கிடையில் எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிடுதிய. எனக்கு ஓட்டலும் வேண்டாம், கட்டுச்சோறும் வேண்டாம். இவ பேசணும். அவ்வளவுதான்."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த சார் கேட்டார்: "இப்பமும் மாத்தணும்ங்கியா?"

"ஆமா சார்."

"ஏன்?"

"இன்னைக்கு நீங்க வந்திய, சரியாயிட்டு. நான் மட்டும் வந்திருந்தா ஆயிருக்காது. கட்டுச்சோறுல இப்படி ஒன்னு ஆயிருந்தாலும் நீங்கதான் வரணும். எத்தன ஊருக்கு சார் வருவிய?"

அவர் பண்பொழி மலை பின்னால் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தார். அவர் இந்தத் திட்டத்தில் நீடிப்பாரா, போய்விடுவாரா என்ற கேள்வி எனக்குள் அன்றுதான் எழுந்தது. மாற்றம் வந்தால் அவர் இருபது வருடங்களாகக் கட்டியதற்கு வேலை இல்லை. வராவிட்டால் திட்டம் அவரோடு முடிந்துபோகும். இரண்டையும் ஒன்றாகக் காப்பாற்ற ஒரு வழி உண்டா என்று நான் எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன்.

கொரோனாவுக்காக அடைத்திருந்த அருவிகளைத் திறந்த பிறகு வந்த முதல் சாரலில் கூடினோம். ஆனிக் கடைசியா ஆடி முதல் வாரமா என்பதில் எனக்கும் பிரவீனுக்கும் இன்றும் தகராறு உண்டு. ஆடிதான். ஐந்தருவியில் தண்ணீர் கூடிப்போய்க் குளிக்க விடாமல் கயிறு கட்டியிருந்தார்கள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழைய குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வந்தவர்களின் துண்டுகளும் வேட்டிகளும் அந்த வாடகை வீட்டு முற்றத்துக் கொடியில் தொங்கின.

மாற்றம் வேண்டும் என்ற தரப்புக்கு நான். வேண்டாம் என்ற தரப்புக்கு மைதீன் சார். விதிப்படி நான் முதலில் அவருடைய வாதத்தைச் சொன்னேன். இணையம் எட்டாத வீடுகளைச் சொன்னேன். பண்பொழியில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஒருவர் கையால் ஒருவருக்குப் போகிற பொருளில்தான் யாருக்குப் போகிறது என்ற அக்கறை இருக்கும் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஒன்னு விட்டுட்ட. ஓட்டலுக்கு வாரவன மட்டுந்தான் ஓட்டல்காரனுக்குத் தெரியும். வராதவன் பசியோட இருக்கானா, சாப்பிட்டானான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அதையும் சேத்துக்கோ."

சேர்த்துச் சொன்னேன். "ஆமா, இதத்தான் சொன்னேன்" என்றார்.

பிறகு அவர் என் வாதத்தைச் சொல்ல எழுந்தார். அவர் அதைக் கொஞ்சம் வலுக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். விதியில் அதற்கு இடம் இருந்தது. நான் ஒத்துக்கொள்ளும் அளவுக்குச் சொன்னால் போதும், அதற்கு மேல் போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

"பாதுகாப்பு ஓட்டை விஷயம் எல்லாருக்கும் தெரியும். அத விடுங்க" என்று ஆரம்பித்தார். "கோமதி மனசுல இருந்தும் என்ட்ட சொல்லாத ஒன்னு இருக்கு. சொல்ல வாய் வரல அவளுக்கு. நான் சொல்லுதேன். எனக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. இந்தச் சாவியோட பாஸ்வேர்டு எந்தலையில மட்டுந்தான் இருக்கு. நான் இதப் பத்திரம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். யாருக்குப் பத்திரம்? எனக்குத்தான். நான் இல்லாட்டா இந்த வேலைக்கு ஆள் இல்லங்கது எனக்கு ஒரு சந்தோஷமா இருந்துச்சு. அந்தச் சந்தோஷத்துக்கு ராஜேஸ்வரி வெல கொடுக்கணுமா? ஓட்டல்ல தப்பு நடக்கும். ஆனா தப்ப சரிபண்ண உலகத்துல ஆயிரம் பேர் இருப்பான். கட்டுச்சோத்துல தப்பே நடக்காது, ஆனா நான் போயிட்டா அது அத்தோட சரி. கோமதி சொல்லுதது இதுதான்."

என் பக்கம் திரும்பி, "சரியா?" என்று கேட்டார்.

நான் அப்படிச் சொன்னதில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன். "ஆமா சார், இதத்தான்" என்றேன்.

கை தூக்கச் சொன்னபோது, அவருக்காகவே மதுரையிலிருந்து வந்திருந்தவர்கள் எங்கள் பக்கம் தூக்கினார்கள். எதிர்ப்பக்கம் அவருடைய கையும் இன்னும் ஒன்றிரண்டும். யாரும் கைதட்டவில்லை. வெளியே தூறல் வலுத்தது. "ஏ, துணி நனையுது பாருங்க" என்று சார் எழுந்து போய், எல்லாருடைய துண்டுகளையும் கொடியிலிருந்து உருவி உள்ளே கொண்டுவந்து போட்டார். பிரவீன் ஓடிப்போய் அவர் கையிலிருந்து வாங்கப் பார்த்தார். "நீ ஜெயிச்சிட்டலே, உக்காரு" என்றார் சார்.

இன்று கேட்டாலும் அதே பக்கம்தான் கை தூக்குவேன். இதை இளைஞர்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முடிவு எடுத்துவிட்டால் போதாது. ஏற்கெனவே கட்டுச்சோறு இருக்கும் கணினிகளைப் புதிய முறைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு, கட்டுச்சோற்றின் வழியாகவே ஒரு கடைசிப் பொதி போய், புதியதை நிறுவிவிட்டு, கட்டுச்சோற்றை நீக்க வேண்டும். அதை எழுதவும் ஒப்பமிடவும் முடிந்தவர் ஒருவர்தான். யாரும் அவரிடம் கேட்கத் துணியவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவரே வேலையை ஆரம்பித்திருந்தார்.

ஆடியில் தொடங்கிக் கார்த்திகை வரை ஆனது. நீக்கும்போது பழைய குரல் போய்ப் புதிய குரல் வர ஓர் இடைவெளி விழும். அது அவருக்குப் பொறுக்கவில்லை. பலமுறை கலைத்துக் கலைத்து எழுதினார். கடைசியில், புதிய குரல் பேசத் தொடங்கிய பிறகுதான் பழைய குரல் நிற்கும்படி செய்தார். ஒரு கணம் இரண்டும் சேர்ந்து பேசும். அந்தத் தடவை மானிட்டரில் துண்டைப் போட்டுவிட்டு, சோதிக்க என்னை உட்காரச் சொன்னார். அவர் பின்னால் நின்றார்.

"எங்கயாவது சத்தம் விட்டுச்சா?"

"விடல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"விடல சார்."

ஒப்பமிட்டார். பிறகு சாவியை அழித்துவிடப் போவதாகச் சொன்னார். கொஞ்ச காலம் வைத்திருக்கலாமே, மாற முடியாதவர்களுக்கு உதவுமே என்றேன். "ரெண்டு அடுப்பு எரிஞ்சா ரெண்டையும் ஆரும் ஒழுங்காப் பாக்க மாட்டாவ. எங்கையிலருந்து வேற எவன் கையிலயாவது சாவி போச்சுன்னா இன்னும் மோசம்" என்று சொல்லி, என் கண்ணெதிரிலேயே அழித்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாளையிலருந்து நான் வரல, கோமதி."

"ஏன் சார்? இனிமேத்தான் வேலையே இருக்கு."

"எனக்கு ஓட்டல்ல வேல பாக்கத் தெரியாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் மறுநாளும் அதற்கு மறுநாளும் மாடிப்படியில் செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அவர் வரவில்லை. அடுத்த சாரல் கூட்டத்துக்கும் வரவில்லை. பிரவீன் குத்துக்கல்வலசைக்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். பிரியாணி போட்டு அனுப்பிவைத்தாராம். பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கும் ஒவ்வொரு வருடமும் தூக்குவாளி வரும். போனில் பேசுவோம், மழையைப் பற்றியும், வளைகுடாவில் இருக்கும் அவர் மகளைப் பற்றியும். செவித்துணையைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்டதில்லை. கோபம் இருந்ததா என்று நானும் கேட்கவில்லை.

திட்டம் நன்றாக நடந்தது. புதியவர்கள் வந்தார்கள், பிழைகள் உடனுக்குடன் சரியாயின. பண்பொழியில் நடந்ததுபோல் இன்னொரு முறை நடக்காதபடி, கேள்வி கேட்கும் எந்தப் பொதியும் குரலை முதலில் சரிபார்க்கும்படி பிரவீன் எழுதிவிட்டார். அந்த நிறைவோடுதான் நான் ஓய்வு பெற்றேன்.

ஓய்வு பெற்ற அந்தப் புரட்டாசியில் பண்பொழித் திருமலைக் கோயிலுக்குப் போய்விட்டு, கீழே இறங்கி ராஜேஸ்வரி வீட்டில் எட்டிப் பார்த்தேன். காபி கொடுத்தார். பேச்சுவாக்கில், "போன வாரம் சார் மேக்கரைக்குப் போயிட்டு இங்க வந்துட்டுத்தான் போனாவ. மூச்சு வாங்குச்சு அவுகளுக்கு" என்றார்.

"மேக்கரையில என்ன வேலை?"

"ஒங்களுக்குத் தெரியாதா? நெட்டு இல்லாத வீடு எல்லாம் இருக்குல்லா, கட்டுச்சோறு மட்டும் ஓடுத வீடு. கடைசிப் பொதி அங்கல்லாம் எப்படிப் போகும்? பென் டிரைவ எடுத்துக்கிட்டு பஸ்ஸுல போயி ஒவ்வொன்னா மாத்திக் கொடுக்காவ. நீங்க மாத்துன அன்னைலருந்து நடக்குது. 'எனக்குப் பொறவு கட்டுச்சோறு பாக்க ஆள் இல்ல, புதுசுன்னா எவனாவது வந்து சரிபண்ணுவான்'ம்பாவ."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "என்ட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

"நானும் கேட்டேன். 'எல்லாரும் வந்து சேந்துட்டாவன்னு அவ நெனச்சிக்கிட்டு இருக்கா, நெனச்சிட்டுப் போறா'ன்னாவ."

புதிய முறையில், இணைந்த கணினிகள் எத்தனை என்று எங்களுக்குத் தெரியும். இணையாத கணினி எங்களைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. குற்றாலத்தில் நான் விட்டுவிட்டேன் என்று அவர் எடுத்துச் சொன்னதும் அதுதான். நானும் என் வாயால் அதைச் சேர்த்துச் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு சாரைக் கூப்பிட நினைத்திருந்தேன். நானும் கூட வருகிறேன், மிச்ச ஊர்களைப் பங்கு போட்டுக்கொள்வோம் என்று சொல்ல வேண்டும். விருந்தாளிகள் வந்ததில் தள்ளிப்போனது. அடுத்த வாரம், ஐப்பசி மழை பிடித்த அன்று, பிரவீன் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்து சொன்னார். காலையில் வெளியே கிளம்பிய சார், பஸ் நிறுத்தத்திலேயே சாய்ந்துவிட்டாராம்.

குத்துக்கல்வலசைக்குப் போனேன். அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஜைனம்பு அக்கா, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம், படுங்கன்னு சொன்னேன் கோமதி. 'இன்னும் கொஞ்ச வீடுதான் பாக்கி'ன்னாவ."

"எந்தெந்த வீடுக்கா? எங்கயாவது எழுதி வச்சிருக்காவளா?"

"அவுக எதையும் எழுத மாட்டாவன்னு ஒனக்குத் தெரியாதா?"

ராஜேஸ்வரியும் நானும் நினைவுக்கு வந்த பெயர்களை எல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்து, போனில் விசாரித்து, நேரில் போய்ச் சிலரைக் கண்டுபிடித்தோம். முக்கால்வாசி வீடுகளில் அவர் ஏற்கெனவே வந்துவிட்டுப் போயிருந்தார். புளியரையில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வீட்டில் மட்டும் பழைய குரல் பேசியது. கடைசிப் பொதி இருந்த பென் டிரைவை நான் செருகியபோது அவர், "மைதீன் அனுப்புனாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இரண்டு குரல்களும் சேர்ந்து பேசி, ஒன்று நின்றது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இது வேற ஆளு" என்றார்.

மிச்சம் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. மலையடிவாரத்தில் எங்கோ சில வீடுகளில் கட்டுச்சோறு இப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதில் எதுவும் தானாக மாறாது, தானாக நிற்காது. அதனால் அவர்கள் இப்போதைக்கு யாரையும் தேட மாட்டார்கள். என்றாவது கணினி பழுதானால், அவர்களுக்குத் தெரிந்த ஒரே எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். ஜைனம்பு அக்கா சாருடைய அந்தப் போனைச் சார்ஜ் போட்டு, மணிச் சத்தத்தைக் கூட்டி, சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறார். போகும்போதெல்லாம் நான் கேட்பேன். இதுவரை யாரும் கூப்பிடவில்லை.